அடைப்புக்குறிக்குள் ஒரு சைபர்

…இல்லை, வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஜெர்மனியில் அவர்கள் ஆபீஸைச் சாத்திவிட்டுப் போகிறார்கள் என்றால் இங்கே ஐந்தரை, ஆறரை இல்லை, நாலரை மணி நேர வித்தியாசமெல்லாம் குளிர்காலத்துக்கு, இப்போது ஆவணி, மூன்றரைதான்… சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் நாலு கடிகாரங்களை நம்புகிற ஆளாக இருந்தால் விஜயராணி இந்நேரம் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பாள், ‘ஃபிராங்க்ஃபர்ட்’ என்று கீழே எழுதிய கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டுகிறது, போன மார்கழியில் வைத்தது வைத்ததுதான், ‘நியூயார்க்’ பேட்டரி தீர்ந்து மூன்று மாதம், ‘லண்டன்’ ஏனோ திருப்பூர் நேரத்தைக் காட்டுகிறது, ‘திருப்பூர்’ ஐந்து நிமிடம் பின்னால் ஓடுகிறது, கம்பெனியின் பெயர் ‘அழகுமலை ஓவர்சீஸ் இன்டர்காண்டினென்டல்’ என்று இருந்தால் சுவரில் நாலு ஊர் நேரமாவது வேண்டாமா என்பது எம்.டி. அழகுமலையின் கட்சி, முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது, எம்.டி. சார் என்றால்தான் கேட்கும், பெருமாநல்லூர் ரோட்டில் கீழே மாட்டுத் தீவனக் கடை, மேலே நாற்பது தையல் மெஷினும் ஒரு கட்டிங் டேபிளும் இந்த ஆபீசும், வெளியே போர்டு மட்டும் கட்டடத்தைவிட இரண்டடி நீளம், அந்த இரண்டடியில்தான் ‘காண்டினென்டல்’ தொங்குகிறது, மழை பெய்தால் அதன் கீழே தீவனம் வாங்க வந்தவர்கள் ஒதுங்குகிறார்கள், ஆக ஒரேயடியாக வீண் என்றும் சொல்ல முடியாது… மணி என்ன, செல்லில் பார், நாலு இருபது. ஒரு மணி பத்து நிமிடம் இருக்கிறது.

ஒரு எழுத்து வேண்டும், அவ்வளவுதான். ஏ, பி, சி, மூன்றில் ஒன்று. சாயப்பட்டறைக்காரர் கழுத்துப் பட்டித் துணியை மூன்று விதமான நீலத்தில் முக்கித் துண்டு துண்டாகக் கொடுத்தார், அது கொரியரில் போய், ஜெர்மனியில் பிரெமென் என்கிற ஊரில், ஆர்டர் கொடுத்த ஹென்னிங் என்கிற பெரியவரின் மேஜையில் இப்போது இருக்கிறது, அவர் சொல்கிற நீலத்தில் நாளைக் காலை சாயம் ஏற வேண்டும், நாளையை விட்டால் பட்டறையில் அடுத்த இடம் பன்னிரண்டு நாள் கழித்துத்தான், அதற்குள் கப்பல் போய்விடும், கப்பல் போனால் எட்டாயிரத்து நானூறு குழந்தைகளுக்கான இரவு உடுப்பு ஆர்டரும் போய்விடும், வேறு ஆர்டர் கையில் இல்லை… பக்கத்து ஹாலில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் சகாயராஜுக்கு, அவள் வீட்டுக்காரருக்கு, இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அல்லது தெரிந்தும் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறார், கிறிஸ்துமஸ் வரைக்கும் வேலை இருக்கு என்று நேற்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சந்தோஷமாகச் சொன்னார், அவள் ம் என்றாள். மெயிலில் கேட்டால் என்ன? கேட்டாள். வாட்ஸ்அப்பில்? ஹென்னிங்கிடம் அது கிடையாது. நிறத்தைப் பற்றி எழுதிப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை, என் லேண்ட்லைனில் கூப்பிடுங்கள், வெள்ளிக்கிழமை இரண்டு மணி வரை இருப்பேன் என்று பதில். அங்கேயும் ஒரு எம்.டி.

அந்த லேண்ட்லைனுக்குப் பேச இங்கே ஒரு லேண்ட்லைன், எம்.டி.யின் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டோடு. உலகமே செல்லில் பேசும்போது இதற்கு ஏன் பூட்டு என்று கேட்கக் கூடாது, ‘டைரக்ட் டயலிங் வேற, வாட்ஸ்அப் வேறம்மா, வாட்ஸ்அப்புல கருவேப்பிலக்காரன்கூடப் பேசறான், ஐஎஸ்டில பேசறவன் எத்தன பேரு’ என்பார், சாவி அவர் இடுப்பில், மாதம் இரண்டு தடவை யாராவது பெரிய மனுஷர் வந்தால் பெட்டி திறக்கும், டீயும் முறுக்கும் வரும், அழகுமலை குதிகாலைத் தூக்கித் தூக்கி இங்கிலீஷில் பேசுவார், யெஸ் யெஸ், க்வாலிட்டி நோ காம்ப்ரமைஸ், தேங்க்யூ வெரி மச், வைத்துவிடுவார், விருந்தாளி மரியாதையோடு முறுக்கைக் கடிப்பார். பதினொரு வருடமாக அவள் பார்க்கிறாள். துணி வாங்குகிற பையர்களோடு நிஜமாக நடக்கும் பேச்செல்லாம் அவள் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது, அதற்கு முறுக்கு கிடையாது… பரவாயில்லை, அவளுக்கு முறுக்கு ஆகாது, பல் கூசும்.

புதன்கிழமை நடந்ததுதான் வினை. எலாஸ்டிக் சப்ளை செய்கிற சுரேஷ் வந்திருந்தார், எம்.டி. பெட்டியைத் திறந்தார், ஹென்னிங்கின் கார்டை எடுத்தார், கார்டில் முதலில் ஒரு கூட்டல் குறி, நாற்பத்தொன்பது, அப்புறம் அடைப்புக்குறிக்குள் ஒரு சைபர், அப்புறம் நானூற்று இருபத்தொன்று, அப்புறம் ஏழு எண்கள். நானூற்று இருபத்தொன்று… உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, திருப்பூருக்கு எஸ்டிடி கோடாகக் கொடுத்த அதே 421 பிரெமெனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது, சும்மா நம்பர் போட்டுக்கொண்டே வந்தவர்கள் இரண்டு நாட்டில் இரண்டு ஊருக்கு ஒரே நம்பரை வைத்துவிட்டார்கள். எம்.டி. அதைச் சும்மா விடுவாரா, ‘பாத்தீங்களா சுரேஷு, நம்ம திருப்பூர் கோடு நம்பரையே கேட்டு வாங்கி வெச்சிருக்கான் ஜெர்மன்காரன், அம்புட்டு மரியாத’ என்றார், சைபரில் ஆரம்பித்து 0421 என்று அழுத்தினார், ‘நாங்களும் கேக்கறமுங்க’ என்று சுரேஷ் ஆர்வத்தில் கையை நீட்டி ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டார், எம்.டி.யின் குதிகால் கீழே இறங்கியது. ட்ரூ-ட்ரூ… ட்ரூ-ட்ரூ… கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அவளுக்கு அந்த இரட்டை மணியிலேயே தெரிந்துவிட்டது. ஜெர்மனிக்கு ஒற்றை மணி, நீளமாக, ஆற அமர. இரட்டை மணி நமக்கும் இங்கிலாந்துக்காரனுக்கும்தான், அதை அவன்தான் கொடுத்துவிட்டுப் போனான்.

‘அல்லோ.’ ‘குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் ஹென்னிங் ப்ளீஸ்.’ ‘எண்ணெய்ங்களா? எண்ணெய் இல்லீங்களே, பழனாயி பேசறனுங்க, நீங்க ஆருங்க?’ அவ்வளவுதான் ஸ்பீக்கரில் வந்தது, எம்.டி. பாய்ந்து ரிசீவரைக் காதில் வைத்தார், யெஸ் யெஸ், தேங்க்யூ வெரி மச், வைத்தார். அப்புறம் சுரேஷ் கேட்டார், ‘ஏனுங்க, ஜெர்மனில பழனாயிங்களா?’ எம்.டி. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்து முடிப்பதற்குள் பதில் தயாராகிவிட்டது, அதற்காகவே அவரை மெச்ச வேண்டும்: ‘நமக்குன்னே தமிழ் தெரிஞ்ச புள்ளைய வேலைக்குப் போட்டிருக்கான் சுரேஷு. நம்ம கம்பெனிக்கு மட்டும்.’ விஜயராணி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு தன் செல்லிலிருந்து அதே எண்ணை அழுத்திப் பார்த்தாள், அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறை, பின்னால் தகரம் தட்டுகிற சத்தம், அதே பழனாயி, ‘அதையேங் கேக்கற கண்ணு, மாசத்துல ரெண்டு வாட்டி ஒருத்தரு இங்கிலீசுலயே பேசறாரு, நானும் குடம் வேணுமான்னு கேப்பேன், அவரு பாட்டுக்குப் பேசிட்டு தேங்க்யூங்கறாரு, பாவம், ஊட்டுல பேச்சுத் தொணைக்கு ஆளில்லையாட்டருக்குது’… மாதத்தில் இரண்டு தடவை. தெரியாமல் தப்பாக அழுத்துகிறாரா, இல்லை… இல்லை என்றால் என்ன? தெரிந்தே யாராவது தப்பு நம்பரை அழுத்துவார்களா?

அழுத்துவார்கள். நம்பரே அழுத்தாமலும் பேசுவார்கள், அவள் பார்த்திருக்கிறாள். சாத்தான்குளத்திலிருந்து வந்து இறங்கிய புதிதில், பத்தொன்பது வயசு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மஞ்சள் போர்டு போட்ட டெலிபோன் பூத், மூன்று கண்ணாடிப் பெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு எண் ஓடுகிற மீட்டர், ஓனர் இசக்கிமுத்து அவளை முதல் நாள் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார், ‘இங்க பாரு தாயி, நாட்ட விட்டு வெளிய போவணும்னா ரெண்டு சைபரு, நாட்டுக்குள்ளயே ஊர் மாறணும்னா ஒரு சைபரு, ரெண்டு சைபரு போட்டு வெளிய போயிட்டேன்னு வையி, அப்புறம் அவன் நாட்டு நம்பரு, அவன் ஊர் நம்பரு, வீட்டு நம்பரு, நடுவுல அந்த ஒத்த சைபர மறந்தும் போடாத, அது அவன் ஆளுக உள்ளுக்குள்ள தட்டுற கதவு, வெளிய நிக்கிற நீ அதத் தட்டுனா ஒரு பய தெறக்க மாட்டான்.’ அதைத்தான் வெள்ளைக்காரன் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுகிறான், உள்ளூர்க்காரனுக்கு உண்டு, உனக்கு இல்லை என்று. எவ்வளவு எளிது, இதற்குப் போய் பெட்டி, பூட்டு, சாவி… எண்கள்தான் முதலில் போகும், குரல் அப்புறம்தான். இரண்டு சைபரைக் கேட்டதும் இங்கே இருக்கிற எக்ஸ்சேஞ்ச், சரி இவள் நம்ம ஆளைக் கேட்கவில்லை என்று கதவைத் திறந்துவிடும், நாற்பத்தொன்பதைக் கேட்டு ஜெர்மனி பக்கம் திருப்பிவிடும், கடலுக்கு அடியில் கேபிளில், மீனுக்கெல்லாம் தெரியாமல், அந்தக் கரையில் ஏறி, 421 யார் என்று விசாரித்து, தெருவைக் கண்டுபிடித்து, வீட்டைக் கண்டுபிடித்து… அதற்கெல்லாம் ஆகிற நேரம் நாலைந்து விநாடி. கடைசி எண்ணை அழுத்தியதற்கும் முதல் மணி அடிப்பதற்கும் நடுவே ஒரு மௌனம் இருக்கும், அது அவளுக்கு எப்போதும் பிடிக்கும், கோயிலில் திருப்பலி நடுவே மணி அடிப்பதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. நாற்பத்தொன்று நாடுகளின் எண் மனப்பாடமாக இருந்தது அப்போது. இப்போதும் இருக்கிறது, துவைக்கும்போது சொல்லிப் பார்ப்பாள், முப்பத்தொன்று ஹாலந்து, முப்பத்துமூன்று பிரான்ஸ், யாருக்கும் வேண்டாத சொத்து.

நம்பரே அழுத்தாமல் பேசுகிற மனிதர் ஒருவரை அங்கே, மூன்றாவது பெட்டியில்தான் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, வெளியே அவருக்காக நாலு பேர் பைக்கில் காத்திருப்பார்கள், பெட்டிக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியே கேட்கும்படி இங்கிலீஷ், யெஸ் யெஸ், த்ரீ கன்டெய்னர், தலைக்கு மேலே மீட்டரில் சைபர், சைபர், சைபர், ஒன்றும் ஓடாது. முதல் தடவை அவள் பதறிப்போய், சார் லைன் போகலை என்று கத்த எழுந்தாள், இசக்கிமுத்து அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார், ‘விடு தாயி, அவருக்குப் போவுது.’ அதற்கப்புறம் வாராவாரம் வருவார், கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவார், முகம் முழுசாகப் பார்த்ததில்லை, அவள் தலையைக் குனிந்து ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாள், ஓடாத மீட்டருக்கும் சீட்டு, ஏன் எழுதினாள்? பைக்கில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அதற்காகத்தான்… மணி நாலே முக்கால்.

படியில் செருப்புச் சத்தம். சுரேஷ். ஐயோ, இன்றைக்கா? கூடவே தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், மூச்சு வாங்கிக்கொண்டு, ‘மாமனாருங்க, கணியூருல இருந்து வந்திருக்கறாரு, அந்த ஜெர்மன் பழனாயி பேசறதக் கேக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாருங்க.’ கரும்பு, தென்னை எல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறாராம். பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவளிடமே விசாரித்தார், ‘ஏஞ்சாமி, அந்தப் புள்ள எந்தூருன்னு கேட்டீங்களா? எங்க பங்காளி ஊட்டுல ஒரு பழனாயி, துபாய்க்குப் போறேன்னு போச்சு, வழி கிழி மாறி அங்க போயிருச்சோ என்னமோ.’ உள்ளே எம்.டி.யின் முகத்தைக் கதவு இடுக்கில் பார்த்தாள், நாலு கடிகாரத்தில் ஒன்று மாதிரி ஆகியிருந்தது, அந்த பேட்டரி தீர்ந்தது. சரியாக அழுத்தினால் பழனாயி போய்விடுவாள். தப்பாக அழுத்தினால் ஆர்டர் போய்விடும். எட்டாயிரத்து நானூறு குழந்தைகள் ஒரு பக்கம், கணியூர் பெரியவர் ஒரு பக்கம், எது கனம் என்று எம்.டி.க்கு உடனே தெரிந்த மாதிரி இல்லை, அவளுக்குத் தெரிந்தது, பக்கத்து ஹாலில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் அவளுக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தது… போய் நிற்கலாமா, கூப்பிடாமல் போனால் கோபம் வருமே, வரட்டும், எழுந்துவிட்டாள், அதற்குள் அவரே கூப்பிட்டார், ‘விஜயராணி, நீ வந்து லைன் போடும்மா.’ பதினொரு வருடத்தில் முதல் தடவை. கார்டை நீட்டினார், அவர் கட்டைவிரல் சரியாக அந்தச் சைபரின் மேல் இருந்தது, அவள் கார்டை இழுத்தாள், விரல் வரவில்லை, ஒரு விநாடி, அப்புறம் விட்டார்.

சைபர் சைபர், நாலு ஒன்பது, நாலு இரண்டு ஒன்று… சுரேஷ் பழக்கப்பட்ட கையால் ஸ்பீக்கரை அமுக்கினார், பெரியவர் தலைப்பாகையைக் காதுக்கு மேலே தள்ளிக்கொண்டார், கடைசி எண். மௌனம். இப்போது கடலுக்கு அடியில் போகிறது, இப்போது கரை ஏறுகிறது, இப்போது 421 என்றதும் அந்த ஊர் என் ஊரா உன் ஊரா என்று குழம்பாமல் இருக்க வேண்டும்… டூ———. ஒற்றை மணி. நீளமாக. ஆற அமர. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி, இரண்டாவது டூ——— பாதியில் நின்றது, ‘ஹென்னிங்’ என்றது ஒரு கனத்த குரல், வேறொன்றும் சொல்லவில்லை, பெயர் மட்டும். பெரியவர் முகம் வாடிவிட்டது, ‘இது ஆம்பளையல்லொ பேசுது’ என்று மருமகனைப் பார்த்தார், சுரேஷ் எம்.டி.யைப் பார்த்தார், எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார், அவள் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ, ‘அந்தப் புள்ளைக்கு வெள்ளிக்கிழமை லீவுங்க. கோயிலுக்குப் போயிரும்.’ ‘அப்படிச் சொல்லு சாமி’ என்றார் பெரியவர், நிம்மதியாக, எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் குடும்பம் வெள்ளிக்கிழமையை விடாது என்றார், பங்காளி ஊட்டுப் பழனாயிதான் என்பது அவருக்கு அத்தோடு முடிவாகிவிட்டது.

ஹென்னிங்கிடம் அவளே பேசினாள், எம்.டி. ஒரு ஹவ் இஸ் யுவர் வெதர் மட்டும் போட்டார், அங்கே மழையாம். மூன்று துண்டையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாராம், பி. பி-யா, டி-யா என்று அவள் திருப்பிக் கேட்டாள், போனில் எல்லாம் ஒன்று மாதிரியே கேட்கும், பூத்தில் பட்ட பாடு, டி-யே அனுப்பவில்லையே அம்மா என்று சிரித்தார், பி, பிரெமெனுக்கு முதல் எழுத்து. எழுதிக்கொண்டாள். அப்புறம் அவர் ஒன்று சொன்னார், செவ்வாய்க்கிழமை நானே உங்களைக் கூப்பிட்டேன், உங்கள் கார்டில் தங்க எழுத்தில் இருக்கிறதே, 0421, அதை அப்படியே அழுத்தினேன், நாட்டு எண் போடவில்லை நீங்கள், எங்கள் ஊரிலேயே ஒரு ரொட்டிக்கடைப் பெண் எடுத்தாள், ஜெர்மனில் பேசினாள், ஒரு நிமிடம் நான் நினைத்தேன், மிஸ்டர் அழகுமலை எனக்காக ஜெர்மன் தெரிந்த பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டார் என்று… சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்தது. சுரேஷுக்கு இங்கிலீஷ் அங்கங்கே புரியும், ‘ஜெர்மன் கேர்ள்’ புரிந்துவிட்டது, ‘ஏனுங்க, நம்மகிட்டயும் ஜெர்மன் பேசற புள்ள இருக்குதுங்களா?’ எம்.டி.யின் குதிகால் மெல்ல மேலே எழுந்தது. ‘இதா, நிக்குதே’ என்று அவளைக் காட்டினார். பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘பாத்தா நம்மூட்டுப் புள்ளையாட்டவே இருக்குது’ என்று வியந்தார்.

ஐந்து பத்துக்குச் சாயப்பட்டறைக்குச் சொல்லியாயிற்று, பி, நாளைக் காலை ஏற்றுங்கள். விருந்தாளிகள் படி இறங்கிப் போகிற சத்தம், ஹாலில் டீ மணி, சகாயராஜ் கதவோரம் வந்து டம்ளரைத் தூக்கிக் காட்டி என்ன என்று புருவத்தால் கேட்டார், அவள் தலையாட்டினாள், அவர் சரி என்று போய்விட்டார், அவ்வளவு போதும், கிறிஸ்துமஸ் வரைக்கும். தங்க எழுத்துக் கார்டு ஒரு கட்டு மேஜையில் இருந்தது, முதல் கார்டை எடுத்து, பேனாவால் முன்னால் ஒரு கூட்டல், தொண்ணூற்றொன்று, அந்தச் சைபரைச் சுற்றி இரண்டு அடைப்பு. அடுத்த கார்டு. எம்.டி. வெளியே வந்து பக்கத்தில் நின்றார், கர்ச்சீப் கையில், இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார், பெட்டிச் சாவியை அவள் மேஜையில் வைத்தார், ‘இனி நீயே வெச்சுக்கம்மா.’ போகவில்லை. நாலு கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்தார். ‘அந்த பழைய பஸ் ஸ்டாண்டு பூத்துல… மூணாவது பெட்டியில மீட்டரு ஓடாது, இல்லீங்களா?’ இல்லீங்களா. அவளைப் பார்த்து, ங்க போட்டு. பேனா நின்றது. ‘அது… ரிப்பேருங்க சார்’ என்றாள். ‘ஆமாமா, ரிப்பேருதான்’ என்றார், கொஞ்சம் சிரித்த மாதிரி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், குதிகாலைத் தூக்காமல், சாதாரணமாக நடந்து.

பதினொரு வருடம் முன்னால் இந்த வேலைக்கு வந்தபோது அவர் சர்டிபிகேட்டைக்கூடப் பார்க்கவில்லை. நீ அந்த பூத்துல இருந்த புள்ளதான என்று ஒரே கேள்வி, ஆமாங்க என்றாள், நாளைக்கே வந்துரு என்றார், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டே போனாள், நாற்பத்தொன்று நாட்டு எண் மனப்பாடமாகத் தெரிந்ததற்குக் கர்த்தர் ஒரு வழி காட்டிவிட்டார் என்று… அந்த எண்களுக்காகவா எடுத்தார்? ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்டதில்லையே. அப்போது மூன்றாவது பெட்டியில் முதுகைக் காட்டி நின்றவர் இப்போது பழனாயியிடம் பேசுகிறார், நடுவில் எல்லாம் தெரிந்தும் சொல்லாதவள் ஒருத்தி… சாவி சின்னது, பித்தளை, அவர் இடுப்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. அடுத்த கார்டை எடுத்தாள், கூட்டல், தொண்ணூற்றொன்று, சைபருக்கு ஒரு பக்கம் அடைப்புப் போட்டாள், மறு பக்கம் போடுவதற்கு முன்னால், அப்படியானால் இத்தனை வருடச் சம்பளம் எதற்கு, தெரிந்ததற்கா, தெரியாத மாதிரி இருந்ததற்கா…